பிறகு நிரப்பப்படும்

ஒப்பந்தத்தில் என் எடை இருந்தது,
ரத்த வகை இருந்தது,
இடது முழங்கால் தழும்புகூட அங்குலக் கணக்கில் இருந்தது.
பணி என்ற இடத்தில் மட்டும்
பொது. பிறகு நிரப்பப்படும்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரின் ஆளெடுப்பு அலுவலகம்
பீட்சா கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவே.
சார்ஜென்ட் ஒளிக்காமல்தான் சொன்னார்:
வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவதென்றால் ஒன்பது மாதம்.
என்னவென்று தெரியாமல் போகிறேன் என்றால்
செவ்வாய்க்கிழமை ஓர் இடம் காலி.
யாரோ ஒருத்தி காலை முறித்துக்கொண்டாள்.

சர்க்கரை ஆலையில் பீட்கிழங்கு கழுவிய சேறு
அப்போதும் என் காதுமடலில் காய்ந்திருந்தது.
செவ்வாய் என்றேன்.
சனிக்கிழமை லாரியை விற்றேன்,
பின்சீட்டுச் சாவிக்கொத்தைத் தேடித்தராமலே.

டெக்சஸில் பஸ் நின்றது இரவு பதினொன்றுக்கு.
பையைத் தூக்கு. வை.
தூக்கு. வை.
அந்த ஒரு மணி நேரம்
ஐம்பத்திரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்.

விடிந்ததும் பிரிந்துவிட்டோம்.
ப்ரூசார்ட் வானிலைக்காரி.
பாடம் இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும்
சாப்பாட்டு வரிசையில் அண்ணாந்து பார்த்து
உதட்டைப் பிதுக்குவாள்.
இபாரா ரேடார்.
ட்சோஸி சரக்கு விமானத்தில் பளு பிரிப்பவள்,
பூட்ஸைக்கூடக் கையில் எடைபார்த்துத்தான்
கட்டிலுக்கடியில் வைப்பாள்.
நீ? என்பார்கள்.
திறந்திருக்கேன் என்பேன்,
ஏதோ பெட்டிக்கடை மாதிரி.

"வொண்ட்ராசெக், உனக்குத்தான் ஒன்றும் இல்லையே,
கதவைப் பார்!"
தொப்பி விளிம்பு என் நெற்றியில் இடிக்கக் கத்தினார் ஓகிள்ட்ரீ.
இரவு இரண்டிலிருந்து நான்கு வரை
கதவின் சின்னக் கண்ணாடியும் நானும்.
யாராக இருந்தாலும் அட்டையைக் காட்ட வேண்டும்.
ஒருநாள் தட தடவென்று இடித்து
தீ, திற, என்றது ஒரு குரல்.
முகர்ந்து பார்த்தேன்.
தரை மெழுகு வாசனைதான்.
அட்டை, என்றேன்.
காலடி திரும்பிப் போனது.
காலையில் அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அணிவகுப்புத் திடலின் ஓரத்தில்
பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது.
எட்டு எஞ்சின் வாய்க்கும் தகர மூடி.
ஒன்று சற்றே நெகிழ்ந்திருக்க
நீளவால் கறுப்புப் பறவை
வைக்கோலோடு உள்ளே போகும், வெறும் அலகோடு வெளியே வரும்.
புல் வெட்டுகிறவன் சக்கரங்களைச் சுற்றி
வளைத்து வெட்டிக்கொண்டு போவான்.
இடது, வலது, இடது என்று நடக்கையில்
கண்ணைத் திருப்பாமல் அதைப் பார்க்கப் பழகியிருந்தேன்.

ஐந்தாம் வாரம் பட்டியல் வந்தது.
விரல் நீளப் பென்சிலால் பத்து எண்கள் போடச் சொன்னார்கள்.
எஞ்சின் ஒன்று.
பாராசூட் இரண்டு.
ஒன்பதுவரை யோசித்தேன்.
பத்தாவதை, தாளில் இடம் இருக்கிறதே என்று போட்டேன்:
சேவைப் பிரிவு.

கிடைத்தது பத்து.

"முட்டை பொரிக்கப் போறியா!"
ப்ரூசார்ட் சிரித்துத் தலையணையில் விழுந்தாள்.
சமையலறை, விடுதி, உடற்பயிற்சிக் கூடத்துத் துண்டுகள்
வரைக்கும்தான் அவள் வாசித்தாள்.
தாளின் மடிப்பில் இன்னொரு வரி இருந்தது:
உயிரிழந்த வீரர்களைப் பெறுதல்,
அடையாளம் உறுதிசெய்தல்,
சீருடை அணிவித்து அனுப்புதல்.

நானும் சிரித்தேன்.
பாதி பொரித்த முட்டை பிடிக்குமா என்று கேட்டேன்.
அப்புறம் சட்டையை எடுத்து
ஆறு அங்குலத்துக்கு மடித்தேன்.
கழுத்துப்பட்டி கோணியிருந்தது.
பிரித்தேன்.

அன்றும் இரண்டு மணிக்குக் கதவு எனக்கு.
யாரும் இடிக்கவில்லை.
டார்ச்சைக் கையால் பொத்திக்கொண்டு
கட்டில் கட்டிலாக நடந்தேன்.
இபாராவின் போர்வை ஏறி இறங்குகிறதா என்று
நின்று பார்த்தேன்.
ப்ரூசார்ட் வாயைத் திறந்தபடி.
ஐம்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன், ஐம்பத்தொன்று.
கதவுக்குத் திரும்பி வந்த பிறகுதான்
என்னைச் சேர்க்கவில்லை என்பது உறைத்தது.